அடுப்படிக் கேள்விகள்: கேரமல் ஆப்பிள் சீஸ்கேக் டிப்

போன இதழில் ஓவன் இல்லாமல் செய்யக்கூடிய இனிப்புகளைப் பற்றி எழுதும்போது, கேரமல் ஆப்பிள் சீஸ்கேக் டிப் என்று, ஆப்பிள் துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிடும் ஒரு கிரீம் சீஸ் இனிப்பைப் பற்றி ஒரு வரி போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழில் பகுதி முழுவதும் அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, அடுத்த வாரம் எட்டுப் பேர் விருந்துக்கு வருகிறார்கள். சீஸ்கேக் பேக் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை. நீங்கள் சொன்ன டிப்பை அளவுகளோடு முதலிலிருந்து சொல்லுங்களேன்.

தாராளமாக. சீஸ்கேக்கில் நம்மைப் பயமுறுத்துவது முட்டையும் ஓவனும்தான். மேலே வெடிப்பு விடுவது, ஓரம் வெந்து நடுப்பகுதி வேகாமல் நிற்பது எல்லாம் அவை கொடுக்கிற தொல்லை. டிப்பில் இரண்டுமே கிடையாது. துண்டு போட்டுப் பரிமாறப் போவதில்லை என்பதால் அது கெட்டியாக நின்றுதான் ஆக வேண்டும் என்ற கவலையும் இல்லை.

எட்டுப் பேருக்கு 225 கிராம் கிரீம் சீஸ், மூன்றில் ஒரு பங்கு கப் பொடித்த சர்க்கரை, 120 மில்லி விப்பிங் கிரீம், ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு போதும். மேலே போட ஓர் ஆப்பிள், அரை கப் கேரமல். தொட்டுச் சாப்பிட நாலைந்து ஆப்பிள்.

கிரீம் சீஸை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். அவசரமாக இருந்தால் சிறு துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பிவிட்டால் சீக்கிரம் இளகும். விரலால் அழுத்தினால் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும், எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாரும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். குளிர்ந்த சீஸில் கொழுப்பு இறுகிக் கிடக்கும். அதில் கிரீமையோ சாற்றையோ ஊற்றிவிட்டால் கட்டிகள் அந்த ஈரத்தில் மிதந்துகொண்டு, அடிக்கும் கருவியான பீட்டருக்குப் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருக்கும், எவ்வளவு அடித்தாலும் கரையாது. அதனால் முதலில் சீஸை மட்டும் தனியாக, பளபளவென்று வரும்வரை அடியுங்கள். அப்புறம் சர்க்கரை, உப்பு, வெனிலா, எலுமிச்சைச் சாறு.

சர்க்கரையைப் பொடித்துத்தான் போட வேண்டும். இதில் தண்ணீர்ப் பசை குறைவு, முழுச் சர்க்கரை கரையாமல் நறநறக்கும். மிக்ஸியில் நன்றாகப் பொடித்துச் சலித்தால் போதும். கடையில் விற்கும் பொடியில் கொஞ்சம் சோள மாவு கலந்திருப்பார்கள், அது டிப்பைக் கெட்டியாக்கக் கொஞ்சம் உதவும்.

விப்பிங் கிரீமை இன்னொரு பாத்திரத்தில், சில்லென்று இருக்கும்போதே நுரைக்க அடியுங்கள். பாக்கெட்டில் கொழுப்பு அளவைப் பாருங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நுரை நிற்காது, 35 இருந்தால் நிம்மதி. பீட்டரைத் தூக்கினால் கூம்பு போல நிற்கிற நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் திரிதிரியாகி வெண்ணெய் ஒதுங்க ஆரம்பிக்கும். இந்த நுரையைச் சீஸ் கலவையில் மூன்று தவணையாகப் போட்டு, ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலந்துவிடுங்கள். ஆழமில்லாத அகலக் கிண்ணத்தில் பரப்பி மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மேலே போடும் ஆப்பிளைப் பச்சையாகப் போடாதீர்கள். கேரமலில் உள்ள சர்க்கரை பட்டதும் பச்சை ஆப்பிள் தண்ணீர் விடும், கொஞ்ச நேரத்தில் சீஸ் மேல் குட்டை கட்டி நிற்கும். தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் பிரவுன் சுகர், கால் டீஸ்பூன் பட்டைத்தூள் சேர்த்து மிதமான தீயில் வதக்குங்கள். துண்டுகளின் முனை மழுங்கி, வாணலியில் ஈரம் வற்றி, வெண்ணெய் மட்டும் பளபளக்கும்போது இறக்குங்கள். தட்டில் கொட்டி முழுக்க ஆறவிடுங்கள்.

பரிமாறப் போகும்போது சீஸ் மேல் இந்த ஆப்பிள், அதன் மேல் கேரமல். இரண்டிலும் துளிச் சூடுகூட இருக்கக் கூடாது. சூடு பட்டால் கிரீமின் நுரை அமுங்கிவிடும், சீஸும் கேரமலும் ஒன்றாகக் கலங்கி அழுக்குப் பழுப்பாகத் தெரியும்.

கேரமல் செய்யும்போதெல்லாம் பாகு பூத்து மறுபடியும் சர்க்கரையாகிவிடுகிறது. ஒருமுறை தப்பித்தால் கசக்கிறது. வழி சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் கடிதங்கள் அதிகம். கேரமல் வந்துவிட்டால் இந்த டிப்பில் வேறு கஷ்டமே இல்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

100 கிராம் சர்க்கரை, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர், 40 கிராம் வெண்ணெய், 60 மில்லி கிரீம், கால் டீஸ்பூன் உப்பு. பாத்திரம் அடிகனமாகவும் உயரமாகவும் இருக்கட்டும். உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, கறுப்புப் பாத்திரத்தில் பாகின் நிறம் கண்ணுக்குத் தெரியாது.

பாகு பூப்பதற்குக் காரணம் கரையாத ஒரு குருணை. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த சர்க்கரையோ, கரண்டியில் ஒட்டியிருந்ததோ உள்ளே விழுந்தால், அதைச் சுற்றிப் பாகு முழுவதும் மளமளவென்று மணி பிடித்துவிடும். அதனால் சர்க்கரை கரையும்வரைதான் கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியைத் தொடவே கூடாது, வேண்டுமானால் பாத்திரத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றலாம். ஓரத்தில் ஒட்டியிருப்பதைத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் கீழே இறக்கிவிடுங்கள். கூடவே நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதியை அந்தப் புளிப்பு குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும். மூன்றும் கலந்து கிடக்கிற பாகில் மணி பிடிப்பது எளிதல்ல. அப்படியும் பூத்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள். அரை கப் தண்ணீர் ஊற்றி எல்லாம் கரையும்வரை கொதிக்கவிட்டு, மறுபடி முதலிலிருந்து காய்ச்சலாம். சர்க்கரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கசப்பு நேரத்தைப் பொறுத்த விஷயம். பாகு ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மஞ்சள் தட்டும். 170ஐத் தாண்டினால் தேன் நிறம். 190ஐ நெருங்கினால் கருகல் வாசனையும் கசப்பும் வந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லை என்றால் கண்ணையும் மூக்கையும் நம்புங்கள். பாகு நிறம் மாறத் தொடங்கும்வரை பொறுமை சோதிக்கும், மாறத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்காதீர்கள். நமக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும், பாத்திரத்தின் சூடே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அணைத்ததும் வெண்ணெய், அப்புறம் வெதுவெதுப்பான கிரீம், கொஞ்சம் கொஞ்சமாக. பொங்கிக்கொண்டு மேலே வரும், உயரமான பாத்திரம் கேட்டது அதற்குத்தான். கிரீம் சில்லென்று இருந்தால் பொங்கல் இன்னும் மூர்க்கமாக இருக்கும், பாகும் ஒரு பக்கமாக இறுகிக் கட்டி தட்டும். கட்டி தட்டிவிட்டால் சிறு தீயில் வைத்துக் கிளறினால் கரைந்துவிடும். கடைசியில் உப்பு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொதிக்கும் பாகு கொதிக்கும் தண்ணீரைவிட மிக அதிகச் சூடு, அதோடு தோலில் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் அடுப்பங்கரையில் இருக்கக் கூடாது, நாமும் ருசி பார்க்கிறேன் என்று விரலைவிடக் கூடாது.

செய்யும்போது தண்ணீர் மாதிரி இருந்த கேரமல் ஃப்ரிட்ஜில் கல்லாகிவிட்டது. ஏன்?

வெண்ணெய் குளிரில் உறைகிறது, பாகும் ஆறினால் கெட்டிப்படும். சூடாக இருக்கும்போது நீர்த்துத் தெரிகிறதே என்று பயந்து மேலும் காய்ச்சியிருப்பீர்கள். ஒரு ஸ்பூனைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள், ஆறின பிறகு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். இறுகிப்போனதை வெந்நீரில் பாட்டிலோடு நிறுத்தி, ஒரு டேபிள்ஸ்பூன் சூடான கிரீம் விட்டுக் கலந்தால் சரியாகிவிடும்.

பாட்டில் கேரமல் வாங்கி ஊற்றினால் தப்பா?

தப்பே இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து விருந்து வைப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு சிட்டிகை உப்பைக் கலந்துவிடுங்கள், தித்திப்பு திகட்டாது. ஐஸ்கிரீமுக்கென்று விற்கும் மெல்லிய சாஸ் மட்டும் வேண்டாம். அது நிற்காமல் ஓரத்துக்கு வழிந்துவிடும்.

ஆப்பிளை நறுக்கி வைத்தால் விருந்தாளிகள் வருவதற்குள் கறுத்துவிடுகிறது. எலுமிச்சை பிழிந்தால் புளிப்பு ஏறுகிறது.

ஆப்பிளை வெட்டும்போது அதன் செல்கள் கிழிகின்றன. உள்ளே இருக்கும் ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழத்திலுள்ள பாலிஃபீனால் என்ற பொருட்களைப் பழுப்பாக்கிவிடுகிறது. கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, ஆனால் தட்டில் பார்க்க நன்றாக இருக்காது.

எனக்குப் பிடித்த வழி உப்புத் தண்ணீர். ஒரு கப் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, துண்டுகளை ஐந்து நிமிடம் முக்கி வைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி எடுங்கள். உப்பு நாக்கில் தெரியாது. எலுமிச்சைதான் வேண்டும் என்றால் நேராகப் பிழியாமல் ஒரு கப் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சாறு கலந்து முக்குங்கள், புளிப்பு மட்டுப்படும். தேன் கரைத்த தண்ணீரும் வேலை செய்யும்.

எந்த வழியாக இருந்தாலும் எடுத்ததும் சுத்தமான துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஈரத் துண்டை டிப்பில் தோய்த்தால் பாதி வழுக்கிக் கிண்ணத்திலேயே விழும், போகப்போக டிப்பும் நீர்த்துவிடும். துடைத்த துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சில மணி நேரம் வெள்ளையாகவே இருக்கும். தோலைச் சீவாதீர்கள். தோலோடு இருந்தால்தான் துண்டு வளையாமல் டிப்பைத் தாங்கும்.

எந்த ஆப்பிள் நல்லது? சிவப்பா, பச்சையா?

பச்சைதான், அதாவது கிரானி ஸ்மித். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணியின் தோட்டத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்த ரகம் அது. புளிப்பும் உறுதியும் உள்ள பழம். கேரமல், சீஸ் இரண்டும் கனமான ருசி என்பதால் பக்கத்தில் இப்படிப் புளிப்பு ஒன்று இருந்தால்தான் அடுத்த வாய் கேட்கும். பிள்ளைகளுக்குப் புளிப்புப் பிடிக்காவிட்டால் ஃபுஜி, காலா, ஹனிகிரிஸ்ப் மாதிரி இனிப்பும் மொறுமொறுப்புமான ரகம் ஒன்றைப் பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள். கையில் அழுத்தினால் அமுங்குகிற மாவுப் பழம் எந்த நிறமாக இருந்தாலும் வேண்டாம்.

நான் செய்த டிப் பாயசம் மாதிரி ஓடுகிறது. என்ன குறை?

அநேகமாகச் சீஸ். ரொட்டியில் தடவுவதற்கென்று டப்பாவில் மெத்தென்று வருவது, கொழுப்புக் குறைத்தது, இரண்டும் இதற்கு இளக்கம் அதிகம். கட்டியாக வரும் முழுக்கொழுப்பு வகையை வாங்குங்கள். அமெரிக்க உணவு விதிகளின்படி கிரீம் சீஸ் என்ற பெயரில் விற்க அதில் குறைந்தது 33 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட சீஸைக் கணக்கில் வைத்துத்தான் மேலே சொன்ன அளவு. இப்போது ஓடுகிற டிப்பை இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் இறுகும். இல்லையென்றால் இன்னும் 50 கிராம் சீஸைத் தனியே இளக்கி அடித்துச் சேருங்கள். சர்க்கரையைக் கூட்டிக் கெட்டியாக்கப் பார்த்தால் தித்திப்புதான் மிஞ்சும்.

சீஸ் கட்டி கட்டியாக நின்றுவிட்டது. கிரீம் இன்னும் சேர்க்கவில்லை. காப்பாற்ற முடியுமா?

முடியும். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்தின் மேல் கிண்ணத்தைச் சில நொடிகள் வைத்து எடுத்து அடியுங்கள். அல்லது சல்லடையில் போட்டு ஸ்பூனால் தேய்த்து இறக்குங்கள்.

என்னிடம் பீட்டர் இல்லை. ஹாஸ்டலில் இருக்கிறேன் அக்கா.

கவலைப்படாதீர்கள் தம்பி. இளகின சீஸுக்கு மரக்கரண்டியே போதும். கிரீமை மூடி இறுக்கமான பாட்டிலில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றிக் குலுக்குங்கள். சளசளவென்ற சத்தம் அடங்கித் தொம்தொம் என்று கேட்கும்போது நிறுத்துங்கள், நுரைத்திருக்கும். அதுவும் முடியாது என்றால் கிரீமுக்குப் பதில் நன்றாக வடிகட்டின கெட்டித் தயிர் மூன்று டேபிள்ஸ்பூன். லேசான புளிப்போடு அதுவும் நன்றாகவே இருக்கும்.

எவ்வளவு முன்னதாகச் செய்யலாம்? மேஜையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

சீஸ் கலவை, வதக்கின ஆப்பிள், கேரமல் மூன்றையும் முந்தின நாளே செய்து தனித்தனியாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சொல்லப்போனால் ஒரு இரவு இருந்தால் வெனிலாவும் எலுமிச்சையும் சீஸில் ஊறி ருசி கூடுகிறது. அன்றைக்குச் செய்ய மிஞ்சுவது ஆப்பிள் நறுக்குவதும், மேலே அடுக்குவதும்தான். விருந்தாளிகள் ஹாலில் பேசிக்கொண்டிருக்க வீட்டுக்காரர்கள் அடுப்படியில் நின்று வியர்ப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். இந்த டிப்பை நான் இவ்வளவு சிபாரிசு செய்வதே அதனால்தான்.

மேஜையில் இரண்டு மணி நேரம் வரை இருக்கலாம். வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். பால் பொருட்களில் கிருமிகள் வேகமாகப் பெருகும், பார்வைக்கும் வாசனைக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு சின்னக் கிண்ணங்களாகப் பிரித்து, ஒன்று மேஜையில், ஒன்று ஃப்ரிட்ஜில் என்று மாற்றி மாற்றி வைப்பது நல்ல வழி. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்து இளகின கிரீம் சீஸ் ரவை ரவையாகப் பிரிந்துவிடும்.

கடித்த துண்டையே மறுபடி தோய்க்கிறார்கள். சொல்லவும் சங்கடமாக இருக்கிறது.

சொல்லவே வேண்டாம். கிண்ணத்தில் ஒரு பெரிய ஸ்பூனைப் போட்டு, பக்கத்தில் சின்னத் தட்டுகளை அடுக்கி வையுங்கள். முதலில் நீங்களே ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினால் மற்றவர்களும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் நிறைய வருகிறார்கள் என்றால் சின்னக் கப்புகளில் ஆளுக்கொன்றாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆப்பிள் துண்டைச் செருகிக் கொடுத்துவிடுங்கள்.

வருகிறவர்களில் ஒருவர் பால் பொருள் சாப்பிடமாட்டார், இன்னொருவருக்குக் கொட்டைகள் ஒவ்வாது. மாமியாருக்குச் சர்க்கரை நோய். என்ன செய்வது?

பால் வேண்டாம் என்றால் வழக்கமாக ஊறவைத்த முந்திரியை அரைக்கச் சொல்வார்கள், ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு அது ஆகாதே. மென்மையான டோஃபுவை, அதாவது சோயா பனீரை, தண்ணீர் வடித்து, எலுமிச்சைச் சாறு, வெனிலா, சர்க்கரை சேர்த்து மிக்ஸியில் வழவழப்பாக அரையுங்கள். கேரமலுக்குப் பதில் பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து உப்புக் கல்லோடு அரைத்து ஊற்றலாம்.

கொட்டை ஒவ்வாமையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிப்பின் மேல் பாதாமோ வால்நட்டோ தூவ வேண்டாம், பக்கத்துக் கிண்ணத்தில்கூட வேண்டாம். ஒரு ஸ்பூன் மாறினால் போதும், ஆபத்து. பிஸ்கெட், பாட்டில் கேரமல் எல்லாவற்றின் லேபிளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாமியாருக்கு இதை மறைத்துவைத்து மனம் நோகச் செய்ய வேண்டாம். சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே, அடித்த சீஸில் கொஞ்சம் தனியே எடுத்துப் பட்டைத்தூள் தூவி, பச்சை ஆப்பிளோடு கொடுங்கள். ஆப்பிளிலும் சர்க்கரை உண்டு என்பதால் எத்தனை துண்டு என்பதை அவருடைய மருத்துவர் சொன்ன கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிளைத் தவிர வேறு எதைத் தொட்டுக்கொள்ளலாம்?

உப்பு பிஸ்கெட், பிரெட்ஸல், இஞ்சி பிஸ்கெட், கோதுமை பிஸ்கெட், கொஞ்சம் கெட்டியான பேரிக்காய். இரண்டு வகை போதும், ஒன்றாவது உப்பாக இருக்கட்டும்.

மிச்சமானால்?

மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததையும், எல்லோரும் தோய்த்துச் சாப்பிட்ட கிண்ணத்தையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜிலேயே இருந்த பாதி மூன்று நாள் தாங்கும். கண்ணாடி டம்ளரில் நொறுக்கின பிஸ்கெட் ஒரு அடுக்கு, டிப் ஒரு அடுக்கு, மேலே மீதி கேரமல் என்று போட்டு அரை மணி நேரம் குளிரவைத்தால் மறுநாள் சாயங்காலத்துக்கு இன்னொரு இனிப்பு தயார். கேரமல் மட்டும் தனியாக மிஞ்சினால் சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு வாரம் வரை இருக்கும். ஈர ஸ்பூன் போடாதீர்கள்.